அத்தியாயம் 6: பழசை ஓட்டுவதா, புதுசு வாங்குவதா?

1960களில் மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸி இருந்தது. ஐரோப்பியச் சமையலுக்காகச் செய்யப்பட்ட மிக்ஸி. நம் மசாலாவையும் பருப்பையும் போட்டு அரைத்ததில் அதன் மோட்டார் எரிந்துபோனது. பழுது பார்க்க இங்கே வழியில்லை. நம் சமையலுக்குத் தாங்குகிற மாதிரி ஒன்றை நீங்களே செய்யக்கூடாதா என்று மாத்தூரின் மனைவி மாதுரி கேட்டாராம். அப்படிப் பிறந்ததுதான் சுமீத் மிக்ஸி. எண்பதுகளில் கல்யாணச் சீராக வந்த சுமீத்தை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு.

அந்த ஜெர்மன் மிக்ஸி மட்டமான பொருள் இல்லை. அது பிறந்த ஊரிலேயே இருந்திருந்தால் பல வருடம் உழைத்திருக்கும். நம் அரைப்புக்கு அது ஆகவில்லை. கெட்ட பிறகு திறந்து சரிசெய்ய ஆளும் இல்லை, பாகமும் இல்லை. வீட்டுச் சாதனம் எதுவானாலும் முதலில் இந்த இரண்டையும் கேட்க வேண்டும்: நாம் வாங்குகிற வேலைக்கு அது ஏற்றதா, கெட்டால் திறக்க முடியுமா? வாங்கிய வருடம் அதற்குப் பிறகுதான்.

"அந்தக் காலத்துச் சாமான் மாதிரி இப்போ எங்கே வருது?" என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை அப்படியே நம்பினால் பணம் வீணாகும். 1985ல் விற்ற ஃபிரிட்ஜ்களில் இன்று நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை மட்டும்தான். மூன்றாம் வருடமே கம்ப்ரசர் போனவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. தப்பியவையும் சும்மா தப்பிவிடவில்லை. தெர்மோஸ்டாட் மாற்றி, ரிலே மாற்றி, கேஸ் ஏற்றி, துருப்பிடித்த அடித்தகட்டுக்குப் பெயின்ட் அடித்து, கதவு ரப்பரை மாற்றி ஓட்டியிருப்பார்கள். புது ஃபிரிட்ஜ் என்பது மாதக்கணக்கில் சம்பளத்தைச் சேர்த்து வாங்க வேண்டிய பொருளாக இருந்த காலம் அது. ரிப்பேர் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. "25 வருஷமா ஓடுது" என்ற கணக்குக்குள் இந்தச் செலவும் உழைப்பும் அடங்கியிருக்கின்றன.

புதுசு சீக்கிரம் கெடுகிறது என்பதற்கு ஆதாரமே இல்லையா? இருக்கிறது. ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமைக்காக ஓக்கோ (Öko) ஆய்வு நிறுவனமும் பான் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2016ல் முழுமையாக வெளிவந்தது. வாங்கிய ஐந்து வருடத்துக்குள் பழுதாகி மாற்றப்பட்ட பெரிய சாதனங்கள் 2004ல் 3.5 சதவீதம், 2012ல் அது 8.3 சதவீதம் ஆகியிருந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. மாற்றப்பட்ட பெரிய சாதனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கெடவே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் புதுசு வாங்கியிருக்கிறார்கள். கம்பெனிகள் வேண்டுமென்றே கெடும்படி செய்கின்றன என்ற பலரின் சந்தேகத்துக்கு அந்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை.

நார்வேயில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அங்கே வாஷிங் மெஷினின் சராசரி ஆயுள் சுமார் 19 வருடத்திலிருந்து 11 வருடத்துக்கு இறங்கியிருக்கிறது. ஃபிரிட்ஜின் ஆயுளிலோ பெரிய மாற்றம் இல்லை. 1960ல் வாரம் இரண்டு முறை துவைத்த நார்வேக்காரர்கள் 2000 வாக்கில் வாரம் எட்டு முறை துவைத்தார்கள். வருடக் கணக்கில் ஆயுள் குறைந்திருக்கிறதே தவிர, மெஷின் துவைத்த துணிக் கணக்கில் குறையவில்லை. ஃபிரிட்ஜ் அன்றும் இன்றும் நாள் முழுக்க ஓடுகிறது; அதனால் அதன் கணக்கு மாறவில்லை. நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். அம்மாக்கள் வாரம் ஒரு முறை பெட்ஷீட்டுக்கு மட்டும் போட்ட மெஷினையும், மூன்று பேர் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற வீட்டில் தினம் இரண்டு முறை ஓடுகிற மெஷினையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகும், இன்றைய தயாரிப்பில் ஒரு விஷயம் உண்மையிலேயே மோசமாகிவிட்டது. அதைப் பற்றிக் கோபப்பட வாசகருக்கு முழு உரிமை உண்டு. திறக்க முடியாதபடி செய்கிறார்கள். ஃபிரன்ட் லோட் மெஷினில் டிரம் சுற்றுவது ஒரு ஜோடி பேரிங்கின் மேல். முன்னே, தண்ணீர் நிற்கிற வெளித்தொட்டியின் இரண்டு பாதிகளையும் போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். கழற்றி, தேய்ந்த பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றிவிட்டு மறுபடி மூடலாம். இப்போது பல மாடல்களில் அந்தத் தொட்டியை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் சின்னப் பொருள்தான். ஆனாலும் அதற்காக முழுத் தொட்டி, டிரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எஸ்டிமேட் வந்ததும் "இதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்ற பேச்சு வருகிறது. முழுப் பணம் கொடுத்து வாங்கியவர் ஒரு பேரிங்குக்காக மெஷினையே இழப்பது அநியாயம்.

எலக்ட்ரானிக் போர்டு இன்னொரு சிக்கல். பழைய செமி ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஸ்பிரிங் டைமர், பெல்ட், மோட்டார், கண்டென்சர். எந்த ஊரிலும் கிடைக்கும். இன்றைய ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கின் போர்டு அந்த ஒரு மாடலுக்கு மட்டும் உரியது. மாடல் நின்றுபோய்ச் சில வருடம் கழித்து "ஸ்பேர் வரலை" என்றால் நல்ல நிலையில் இருக்கிற மோட்டாரும் டிரம்மும் குப்பை. நம் ஊர் மின்சாரம் ஏறி இறங்குவதும், ஈரமும், பல்லியும் கரப்பானும் உள்ளே புகுவதும் போர்டுக்கு எமன்.

இனி ஒவ்வொரு சாதனமாகப் பார்க்கலாம்.

கிரைண்டரில் யோசிக்கவே வேண்டாம், பழசை விடாதீர்கள். 1955ல் கோவையில் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டியதில் தொடங்கி, புவிசார் குறியீடு வாங்குகிற அளவுக்கு அந்த ஊரின் தொழிலாகவே வளர்ந்த இயந்திரம் இது. அதன் ஆயுளுக்குக் காரணம் மோட்டாரின் வகை. கிரைண்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அதில் உரசித் தேய்கிற கார்பன் பிரஷ் கிடையாது. நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றுதான் சுற்றும். பெல்ட்டும் புல்லியும் அதை இன்னும் குறைத்துக் கல்லுக்குக் கொடுக்கும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு. பெல்ட் தளர்ந்தால் கல் திணறும், கண்டென்சர் போனால் மோட்டார் சுற்றாமல் உறுமும், பேரிங் தேய்ந்தால் சத்தம் கூடும். மூன்றும் மலிவான வேலை. மாவு நைசாக வரவில்லை, நேரம் கூடுகிறது என்றால் கல் வழுவழுத்துப் போயிருக்கும்; கொத்தினால் சரியாகிவிடும். கல் கொத்துகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காயில் எரிந்தாலும் காப்பர் கம்பியில் மறுபடி கட்டிக்கொள்ளலாம். டேபிள் டாப் வாங்குகிறவர்கள் அது இடத்தையும் உடம்பையும் மிச்சம் பிடிக்கிறது என்பதற்காக வாங்கலாம். முதுகுவலிக்காரருக்கு அது பெரிய காரணம்தான். பழையது கெட்டுவிட்டது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

மிக்ஸியின் கதை வேறு. அதில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கும் மேல் பறக்கும். அந்த வேகத்துக்கான விலையாக எப்போதும் ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டே இருக்கும். எது தேய வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். மேலே பல் பல்லாக இருக்கிற கப்ளர் தேய்வதற்காகவே வைக்கப்பட்டது. ஜாரில் ஏதாவது சிக்கினால் மோட்டாருக்குப் பதிலாக அது உடையும். கப்ளர் போனதும் "இந்தக் காலத்து மிக்ஸியே இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

மிக்ஸி சட்டென்று நின்றுபோனால் முதலில் திருப்பிப் பிடித்து அடியில் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். லோடு அதிகமானால் அது வெளியே தள்ளிக்கொண்டு கரண்டை நிறுத்தும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் பல மிக்ஸிகள் மறுபடி ஓடும். அப்படியும் ஓடாவிட்டால், அல்லது காற்றுத் துளை வழியே நீல நிறப் பொறி நிறையத் தெரிந்தால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ரிப்பேர் கடையில் அதைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். விரல் நகம் அளவுள்ள கருப்புக் கட்டி, பின்னால் ஒரு ஸ்பிரிங். புதியதன் பக்கத்தில் பழையதை வைத்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சரை ஸ்பிரிங்கே கீறத் தொடங்கும். அப்புறம் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

மிக்ஸியைக் கொல்வதில் பெரும்பங்கு ஜாருக்கு. ஜாரின் அடியில் இருக்கிற புஷ் தேய்ந்து சட்னித் தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் ஒரு துணியால் துடைத்துவிட்டு அப்படியே ஓட்டுவார்கள். அந்தத் தண்ணீர் கப்ளர் வழியே கீழே இறங்கி மோட்டாரைத் துருப்பிடிக்க வைக்கும். ஒழுகுகிற ஜாரை அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். அடுத்து, மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கிற தகட்டில் 30 நிமிடம் என்றும், 5 நிமிடம் ஓடி 2 நிமிடம் நிற்க வேண்டும் என்றும் போட்டிருக்கும். இட்லி மாவையும் கல்யாண வீட்டு மசாலாவையும் நிறுத்தாமல் அரைத்தால் எந்த வருடத்து மிக்ஸியும் தாங்காது.

பழைய மிக்ஸியில் ஆர்மேச்சர் போய்விட்டால்? ஒரிஜினல் பாகம் கிடைத்து, மொத்தச் செலவு புது மிக்ஸியின் விலையில் பாதிக்குள் அடங்கினால் செய்யலாம். அதற்கு மேல் போனால் விட்டுவிடலாம். புதுசு வாங்கும்போது வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மோட்டார் காயில் காப்பரா அலுமினியமா என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டின் மேலும் ஒரே மாதிரி வார்னிஷ் பூசியிருப்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் தீர்ப்பு தலைகீழ். இருபது வருடம் தாண்டிய ஃபிரிட்ஜ் நன்றாகவே ஓடினாலும் மாற்றிவிடுவது நல்லது. காரணம் கரண்ட். அமெரிக்காவில் 1970களில் விற்ற ஃபிரிட்ஜ் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 1,800 யூனிட் இழுத்தது. அரசு ஒவ்வொரு முறையும் தரக்கட்டுப்பாட்டை இறுக்க இறுக்க, 2001க்குப் பிறகு, அளவில் பெரிதான ஃபிரிட்ஜே 500 யூனிட் அளவில் நின்றது. இந்தியாவில் மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் 2006ல் வந்தது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜுகளுக்கு அது 2010ல் கட்டாயமானது. அதற்கு முன் வாங்கிய பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்பதை வீட்டுக்காரரே அளந்துவிடலாம். ஊருக்குப் போகிற நாளில் ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஈ.பி. மீட்டரின் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி குறித்து, நாள் கணக்கால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, நாளுக்கு 2 யூனிட் வந்தால் வருடத்துக்கு 730 யூனிட். கடையில் இருக்கிற அதே அளவு புது ஃபிரிட்ஜின் லேபிளில் வருட யூனிட் அச்சிட்டிருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் போதும், விற்பனையாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லேபிளில் அது எந்த வருடங்களுக்கானது என்பதையும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது இறுகுவதால், பழைய ஐந்து ஸ்டார் இன்றைய கணக்கில் குறைந்த ஸ்டாராக இருக்கலாம்.

மிகப் பழைய பெட்டிகளில் இருந்தது ஆர் 12 என்ற கேஸ். ஓசோன் படலத்தை அரிப்பதால் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது. இன்றைய பெட்டிகளில் பலவற்றில் இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எரியக்கூடிய கேஸ் என்பதால், அதில் பழகிய மெக்கானிக்கை மட்டும் கை வைக்க விடுங்கள். இன்னொன்று: "கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி" என்ற பெரிய எழுத்தின் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அது கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். கேஸ், போர்டு, கூலி, வண்டி வாடகை தனி.

ஃபேனில் நடுவழி. பழைய சீலிங் ஃபேன் நாற்பது வருடம் ஓடும். மெதுவானால் கண்டென்சர், சத்தம் போட்டால் பேரிங், எரிந்தால் காயில். எல்லாமே தெருமுனையில் நடக்கிற வேலை. ஆனால் அது 75 வாட் அளவில் இழுக்கும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேனில் வருடத்துக்குச் சுமார் 246 யூனிட் மிச்சம். இரண்டு மாத பில்லில் 41 யூனிட். மூன்று ஃபேன் என்றால் 123. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினாலே கட்டண விகிதம் மாறுவதால், அந்த எல்லையை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு இது பெரிய தொகை. பி.எல்.டி.சி.யின் பலவீனம் உள்ளே இருக்கிற போர்டு. போர்டு தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரவு பகலாக ஓடுகிற படுக்கையறை, கூடத்து ஃபேன்களை முதலில் மாற்றினால் போதும். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற அறையில் பழையதே இருக்கட்டும்.

கெய்சரில் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடத்தில் எந்த டேங்கும் அரிக்கும். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காக உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி வைத்திருப்பார்கள். அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி, கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தானாக இதைச் சொல்கிற சர்வீஸ் ஆட்கள் குறைவு.

பழசை ஓட்டுகிற எல்லோரும் உடனே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், கெய்சர் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒயரைத் தடவிப் பாருங்கள். ஒயர் வெடித்திருந்தால், அல்லது சாதனம் இரண்டு பின் பிளக்கில் எர்த் இல்லாமல் ஓடினால், அதை இன்றே நிறுத்துங்கள். ஈரக் கையோடு தொடுகிற தகட்டு உடம்பில் கரண்ட் கசிந்தால் உயிர் போகும். கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டு மெயினில் இல்லையென்றால், புது சாதனம் எதையும் வாங்குவதற்கு முன் அதைப் போட்டுவிடுங்கள்.

புதுசு வாங்கப் போகிறவர்களுக்கு: ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் எல்.இ.டி. டிஸ்ப்ளேயையும் இருபது புரோகிராமையும் காட்டி விற்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. வாஷிங் மெஷினின் தொட்டி போல்ட் போட்டதா, ஒட்டியதா? போர்டு தனியாகக் கிடைக்குமா, இன்று அதன் விலை என்ன? இந்த மாடல் நின்ற பிறகு எத்தனை வருடம் ஸ்பேர் வரும்? உள்ளூர் சர்வீஸ் சென்டர் எது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷினின் முக்கியப் பாகங்களை, மாடல் நின்ற பிறகும் 10 வருடம் கொடுத்தாக வேண்டும்; ஃபிரிட்ஜின் பாகங்களுக்கு 7 வருடம். பிரான்ஸில் அதே வருடம், வாஷிங் மெஷினின் மேலேயே, எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும் என்ற விதி வந்தது. நம் கடைகளில் அந்த மதிப்பெண் இல்லாததால், அந்தக் கேள்வியை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனிக்குச் சொல்வார்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24ல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் சேர்ந்த கம்பெனிகளின் சர்வீஸ் விவரமும் ஸ்பேர் விவரமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பில்லையும் வாரண்டி அட்டையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் பில்லின் எழுத்து மறைந்துவிடும். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.